செய்திப் படமா, பிரசாரப் படமா? எல்லைப் பக்கத்தில் கேமரா பிடிக்க வருகிறவர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று நீளும் இந்தப் பாலக்காட்டுக் கிழக்கு ஓரத்தில் கேமரா வாங்குகிற பிள்ளைகளுக்கு முதல் வருமானம் கல்யாண வீட்டில் வரும். இரண்டாவது வருமானம் பெரும்பாலும் ஏதாவது ஓர் அமைப்பிடமிருந்து வரும். தண்ணீருக்காகப் போராடுகிற சங்கமாக இருக்கலாம், ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற தொண்டு நிறுவனமாக இருக்கலாம், தென்னை விவசாயிகள் சங்கமாகவோ தோட்டத் தொழிலாளர் யூனியனாகவோ இருக்கலாம். பத்திரிகை மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் நிரந்தர வேலை இல்லாத ஸ்டிரிங்கராக. ஒரு படத்துக்குக் கிடைக்கிற தொகை பைக் பெட்ரோலுக்கே பற்றாது. அதனால் ஒரே ஆள் காலையில் அமைப்புக்கும் சாயங்காலம் பத்திரிகைக்கும் படம் எடுப்பது இங்கே சாதாரணம். பதினைந்து வருடமாக நானும் இரண்டையும் செய்கிறேன். இரண்டுமே மரியாதையான வேலைதான். ஒன்றை இன்னொன்று என்று காட்டும்போதுதான் கெட்டுப்போகிறது.

இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது, போட்ட பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான் அதைத் தாண்டிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் ஆகஸ்ட் மாதம், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். குடிநீர்ப் பிரச்சினை பற்றிச் சிறு புத்தகம் போட ஓர் அமைப்பு என்னை அழைத்திருந்தது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிந்தது. அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஜீப்பிலிருந்து ஆறு புதுப் பிளாஸ்டிக் குடங்களை இறக்கினார். பச்சையும் மஞ்சளும். ஒரு குடத்தின் கழுத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தது நான்தான். பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையில் முதலில் நின்ற பாட்டி கேட்டார்: "ஏங் கண்ணு, கெணத்துலதான் தண்ணி கெடக்குதே, காலிக் கொடத்த எதுக்குத் தூக்கச் சொல்றீங்க?"

சித்திரையில் நீங்கள் படுகிற பாட்டைக் காட்டத்தான் என்றேன். பாட்டி சரியென்று தலையாட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஏப்ரலில் அந்தக் கிணறு வற்றும், லாரித் தண்ணீருக்கு விடிகாலையில் வரிசை நிற்கும், அதை நானே பார்த்திருக்கிறேன். கிணறு ஃபிரேமில் வராதபடி நகர்ந்து நின்று எடுத்தேன். படம் நன்றாக வந்தது. புத்தகத்தின் அட்டையிலும் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாளிதழில் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றிய செய்தியோடு அதே படம். "தண்ணீருக்காகக் காத்திருக்கும் பெண்கள்" என்று குறிப்பு, கீழே என் பெயர். தேதி இல்லை, அமைப்பின் பெயர் இல்லை. படத்தை அனுப்பியது அமைப்பு, எனக்குத் தகவல் இல்லை. இரண்டே நாளில் ஒருவர் நிரம்பிய கிணற்றைப் போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விட்டார். அவர் எடுத்ததும் நிஜப் படம்தான். அதன் பிறகு நடந்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் அந்தப் பெண்கள் தண்ணீரைப் பற்றிப் பேச எழுந்தபோது, "நீங்க குடம் பிடிச்சு நடிச்சவங்கதானே" என்று ஒரு குரல் வந்தது. வருடக்கணக்காக அவர்கள் பட்ட உண்மையான கஷ்டம் ஒரே படத்தால் நாடகமாகிவிட்டது. எனக்குக் கூலி கிடைத்தது, அமைப்புக்குப் புத்தகம் கிடைத்தது. இழந்தவர்கள் அவர்கள்தான்.

இப்போது யார் வேலை கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். என்னை அனுப்புகிறவருக்குப் பிடிக்காத ஒரு காட்சி அங்கே என் கண்ணில் பட்டால், அந்தப் படம் எங்கே போய்ச் சேரும்? அச்சில் வர வழி இருக்கிறது என்றால் அது செய்தி வேலை. என் ஹார்டு டிஸ்கிலேயே கிடக்கும் என்றால் அது பிரசார வேலை. கொள்கை நல்லதா கெட்டதா, அமைப்பு நேர்மையானதா இல்லையா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மூணாறை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பரில் அங்கே தமிழ்த் தோட்டத் தொழிலாளப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு தெருவில் உட்கார்ந்தார்கள். அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பெரிய செய்தியே, பல வருடமாகத் தங்களுக்காகப் பேசிவந்த யூனியன் தலைவர்களை அவர்கள் பக்கத்தில் வர விடவில்லை என்பதுதான். அன்றைக்கு நீங்கள் ஒரு யூனியனின் மலருக்காகப் படம் எடுக்கப் போயிருந்தால், தலைவரைப் பெண்கள் திருப்பி அனுப்புகிற காட்சி உங்கள் கார்டில் இருந்திருக்கும், மலரில் வந்திருக்காது. பத்திரிகைக்குப் போயிருந்தால் அதுதான் முதல் பக்கம். கேமரா ஒன்று, கை ஒன்று, நின்ற இடம் ஒன்று.

பிரசாரப் படம் என்றாலே கீழானது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908இலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் சம்பளத்தில்தான் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் பிள்ளைகளைப் படம் எடுத்தார். பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்துக் கணக்கிட்டு, பையிலிருந்த நோட்டில் பெயரும் வயதும் யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்வார். ஒரு தகவல் தப்பாக இருந்தாலும் ஆலை முதலாளிகள் மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். செபாஸ்தியோ சல்காடோ 1984, 85இல் ஆப்பிரிக்காவின் சஹேல் பஞ்சத்தை எடுத்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து. நம் ரகு ராய் 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயுவில் செத்த குழந்தையைப் புதைக்கிற படத்தை எடுத்தபோது பத்திரிகைக்காரராக நின்றார். பிறகு 2000க்கு அப்புறம் அதே ஊருக்கு கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காகத் திரும்பப் போய் எடுத்தார், அந்த அமைப்பின் பெயரோடுதான் அந்தப் படங்கள் வெளியே வந்தன. யாருக்காக எடுத்தார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தது. எனக்கு அதுவே போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

போன் வந்ததும்

"நம்ம ஊர்ல ஒரு ப்ரோக்ராம், வந்து நாலு படம் எடுத்துக் குடுங்க" என்றுதான் அழைப்பு வரும். உடனே சரி என்று சொல்லாதீர்கள். பணம் யார் தருகிறார்கள், படம் எங்கே போகும், படத்தைத் தேர்ந்தெடுப்பது யார், பத்திரிகைகளுக்கும் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் மழுப்பலாக வரும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், கொடுப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாதவர்களின் பட்டியலில் இருக்கிறார். செய்த வேலைக்குக் கூலி வாங்குவது வேறு, நன்கொடை வேறு. 4ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்தைக் காட்ட உங்களிடம் பில்லும் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். கையில் கவர் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரஸ் கார்டு வைத்திருப்பவர் என்றால், ஒரு தடவை விவரம் தெரிந்த ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வேலையை எடுங்கள்.

எழுதி வாங்குவது

இதில் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டு, அவர் காசு கொடுத்து நீங்கள் எடுக்கிற போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். ஷட்டரை அழுத்தியது நீங்கள் என்பதால் படம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என் குடம் படத்தில் நான் சண்டைக்குப் போக முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். எழுத்தில் எதுவும் இல்லை.

அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு மட்டும் உங்கள் கையில் எப்போதும் இருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இது நான் எடுத்த படம் என்று சொல்லவும், பேர் கெடும்படி அதைத் திரித்தால் எதிர்க்கவும் எடுத்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்காகக் கோர்ட் படி ஏற நம்மிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு பக்கத்தில் முன்பே எழுதிவிடுவது மேல். நான் இப்போது போடுகிற வாசகம் இது:

"இந்தப் படங்கள் அமைப்பின் அறிக்கை, சுவரொட்டி, சமூக ஊடகப் பக்கம் ஆகியவற்றுக்கு இரண்டு வருடம் பயன்படும். பதிப்புரிமை எடுத்தவருக்கே. பத்திரிகைக்கோ தொலைக்காட்சிக்கோ கொடுத்தால், அமைப்புக்காக எடுக்கப்பட்ட படம் என்பதையும் எடுத்த தேதியையும் இடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். படக்குறிப்பை மாற்றும் முன் எடுத்தவரைக் கேட்க வேண்டும். படத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் இரு தரப்பும் பயன்பாட்டை நிறுத்த வேண்டும்."

வக்கீல் பாஷை தேவையில்லை. இதைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட யோசிக்கிற அமைப்பு, பிறகு படத்தை என்ன செய்யும் என்பதை அப்போதே சொல்லிவிடுகிறது.

ஊருக்குள் போகும்போது

அமைப்பு வேலைக்குப் போகும் நாளில் பிரஸ் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். பைக்கில் 'பிரஸ்' ஸ்டிக்கர் இருந்தால் அன்றைக்கு வேறு வண்டியில் போங்கள். இது அதிகம் என்று தோன்றலாம். ஊர்க்காரர் கண்ணால் பாருங்கள். பத்திரிகைக்காரர் என்று நினைத்து அவர் ஒரு மாதிரி பேசுவார், சங்கத்து ஆள் என்று தெரிந்தால் வேறு மாதிரி பேசுவார். எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு.

வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். "இன்ன அமைப்பு அனுப்பி வந்திருக்கேங்க, இந்தப் படம் அவங்க புத்தகத்துல வரும்" என்றோ, "பேப்பர்ல இருந்து வர்றேங்க, இது நியூஸ்ல வரும், உங்க பேரும் வரும்" என்றோ. பேசுவது அவர்கள் பாஷையில் இருக்க வேண்டும். எல்லைக் கிராமங்களில் இரவாளர், மலசர் என்ற ஆதிவாசிக் குடும்பங்கள் நம்மோடு தமிழில்தான் பேசுவார்கள். ஆனால் கையெழுத்து வாங்குகிற படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். படித்துக் காட்டாமல் ரேகை வாங்குவது சம்மதம் ஆகாது.

இன்னொரு சிக்கல் ஜீப். மூணாறு, நெல்லியாம்பதி, வால்பாறைத் தோட்டங்களின் உள்ளே பல லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வரைக்கும் பஸ் போகாது. அங்கெல்லாம் ஒன்று கம்பெனி ஜீப்பில் போக வேண்டும், இல்லை அமைப்பின் ஜீப்பில். யார் ஜீப்பில் போகிறீர்களோ அவர் ஆள் உங்கள் பின்னாலேயே நிற்பார். தொழிலாளி உங்களைப் பார்த்துப் பேச மாட்டார், உங்கள் தோளுக்கு மேல் பார்த்துப் பேசுவார். செய்தி வேலை என்றால் டீசலில் உங்கள் பங்கைக் கொடுங்கள், கொடுக்க முடியாவிட்டால் யார் ஜீப்பில் போனீர்கள் என்று பத்திரிகை அலுவலகத்தின் செய்தி டெஸ்க்கிடம் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் நடந்தாவது தனியாகத் திரும்பப் போங்கள். இரண்டாவது தடவை, யாரும் கூட வராத நேரத்தில், அதே லயத்து வாசலில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிக்கும்போது வருகிற பேச்சு வேறாக இருக்கும்.

கேமராவை எடுத்த பிறகு

செய்தி வேலையில் சொல்லக்கூடாதது ஒன்றுதான்: "மறுபடி ஒருதரம் செய்யுங்க." நடந்துகொண்டிருப்பதை நிறுத்தவும் கூடாது, நடக்காததை நடத்தவும் கூடாது. ஒருவரை நிற்கச் சொல்லி முகப்படம் எடுப்பது தப்பில்லை, அது நிற்கச் சொல்லி எடுத்த படம் என்று பார்த்தாலே தெரிகிற வரைக்கும்.

"பொருளைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன, விஷயம் உண்மைதானே?" இதைக் கேட்காத புதியவர் இல்லை. இதற்குத் தொண்ணூறு வருடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1936இல் ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற இளைஞர் அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காக வறட்சியைப் படம் எடுத்தார். தெற்கு டகோட்டாவில் வெயிலில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி, வெடித்த தரையில் வைத்தும் எடுத்தார், புல் பக்கத்தில் வைத்தும் எடுத்தார். அது தேர்தல் வருடம். இரண்டு படத்திலும் ஒரே மண்டையோடு என்று எதிர்த்தரப்புப் பத்திரிகை கண்டுபிடித்து, அரசாங்கம் வறட்சியை ஜோடித்துக் காட்டுகிறது என்று எழுதியது. நிஜத்தில் அந்த வருடம் வறட்சி கடுமையாகத்தான் இருந்தது. மண்டையோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பயிரைப் பற்றிய பேச்சு பின்னால் போய்விட்டது. என் பச்சைக் குடம் செய்ததும் அதையேதான்.

அமைப்பு வேலையில் ஏற்பாடு செய்து எடுக்கலாமா? எடுக்கலாம், ஓர் அளவு வரை. ஆசிரியரைக் கரும்பலகை முன்னால் நிற்கச் சொல்லலாம். வெளிச்சத்துக்காகத் திண்ணைக்கு வரச் சொல்லலாம். ஆனால் இல்லாத பசியை, இல்லாத காயத்தை, வேறு மாதத்து வறட்சியை உண்டாக்கக்கூடாது. அழுக்குச் சட்டை மாட்டச் சொல்லி ஒரு பிள்ளையை நிறுத்துகிற அமைப்பிடம் வேலை செய்யாதீர்கள். ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களே 2006இல் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை விதி வகுத்து, சம்பந்தப்பட்டவரின் மரியாதையையும் நிலைமையின் உண்மையையும் காக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. பணம் கொடுப்பவர் இப்படிக் கேட்கிறார் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னால், அந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

ஆர்ப்பாட்டங்களுக்கு ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் பேனரோடு நிற்பதை நெருக்கமாக எடுத்தால் நூறு பேர் போல் தெரியும். கேமரா வந்ததும் கோஷம் உயரும், போனதும் பந்தலில் சீட்டுக்கட்டு வரும். அதனால் அரைமணி முன்னால் போங்கள், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எதை எடுத்தாலும் ஒரு அகலமான ஃபிரேம், சுற்றி எவ்வளவு பேர், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்படி கட்டாயம் எடுத்து வையுங்கள். அச்சில் வராவிட்டாலும், பின்னால் யாராவது கேள்வி கேட்டால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

பிள்ளைகளும் துக்க வீடும்

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் தெரிகிற எதையும் ஊடகத்தில் வெளியிட போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை போடுகிறது. முகம் மட்டும் கிடையாது, வீடு, பள்ளி, அக்கம்பக்கம், குடும்பம் எல்லாமே அதில் வரும். காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கில் மாட்டிய பிள்ளைகளுக்கும் 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதே பாதுகாப்பைக் கொடுக்கிறது. "நல்ல காரியத்துக்குத்தானே" என்று அமைப்பு கேட்டாலும் சட்டம் சட்டம்தான். கையை எடுங்கள், ஸ்லேட்டை எடுங்கள், வாசலில் கிடக்கும் செருப்பை எடுங்கள்.

செய்திக்குக் கொடுத்த சம்மதம் சுவரொட்டிக்குச் செல்லாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 தமிழ் உயிர்கள் போயின. அந்த மண்மேட்டில் நின்று அழுதவர்களின் படம் மறுநாள் நாளிதழில் வந்தது நியாயம், அது ஊரே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அதே முகத்தை அடுத்த வருடம் நிதி திரட்டும் அட்டையில் போட வேண்டுமென்றால், திரும்பப் போய், அந்த மனுஷரைக் கண்டுபிடித்து, அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும்.

யூஜீன் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும் 1971இலிருந்து மூன்று வருடம் ஜப்பானின் மினமாட்டாவில் தங்கி, பாதரச விஷத்தால் முடங்கியவர்களைப் படம் எடுத்தார்கள். ஒரு தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தக் குடும்பம் சம்மதித்துத்தான் எடுத்தார்கள், போராட்டத்துக்கும் அது உதவியது. ஆனாலும் மகள் இறந்து பல வருடம் கழித்து, அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோருக்குத் தோன்றியது. 1990களின் கடைசியில் ஐலீன் அந்தப் படத்தைப் புதிதாகப் பிரசுரிக்க அனுமதி கொடுப்பதை நிறுத்தினார். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதற்காகத்தான். சம்மதம் கொடுத்தவருக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, படம் எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படக்குறிப்பு

கோடு உண்மையில் இங்கேதான் நிற்கிறது என்பேன். ஒரே படம், குறிப்பு மாறினால் செய்தி பிரசாரமாகும். 2015இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஜியோவானி டிரோய்லோ என்பவருக்குக் கொடுத்த பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரத்தைப் பற்றிய தொடரில், பிரஸ்ஸல்ஸ் பக்கத்து மோலன்பேக்கில் எடுத்த ஒரு படத்தையும் ஷார்லெருவா என்று சேர்த்திருந்தார். பரிசைக் கெடுத்தது ஓர் ஊர்ப் பெயர்.

யார், எங்கே, எந்தத் தேதி, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, யார் அனுப்பிப் போனீர்கள். இந்த ஐந்தையும் அன்று இரவே, படுக்கும் முன் எழுதுங்கள். தனியாக வேர்ட் ஃபைலில் எழுதினால் படம் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். படக் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி என்று ஓர் இடம் இருக்கிறது. லைட்ரூம் மாதிரி எந்த மென்பொருளிலும் கேப்ஷன், கிரெடிட் என்று கட்டங்கள் தெரியும். அங்கே எழுதினால் படம் போகிற இடமெல்லாம் குறிப்பும் கூடவே போக வழி உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், மெயிலில் அனுப்புங்கள்.

குறிப்பில் அடைமொழி வேண்டாம். "கொடுமை", "அவலம்" எல்லாம் சுவரொட்டிக்குப் போகட்டும். எண்ணைப் போட்டால் யார் சொன்ன எண் என்றும் போடுங்கள். பிளாச்சிமடாவை எடுத்துக்கொள்வோம், நமக்குப் பக்கத்து ஊர். 2000இல் கோகோ-கோலா ஆலை அங்கே உற்பத்தி தொடங்கியது. 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் முன் நின்று போராட்டம் தொடங்கினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. செய்திக் குறிப்பில் "குழு மதிப்பிட்டது" என்று வர வேண்டும். நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்று 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னதைப் பிரசுரங்கள் எடுத்துப் போடும். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் அமர்வு, தினம் 5 லட்சம் லிட்டர் எடுக்க ஆலைக்கு அனுமதி கொடுத்ததைப் போடாது. முதலில் உரிமம் கொடுத்ததும், பிறகு புதுப்பிக்க மறுத்ததும் ஒரே பெருமாட்டி பஞ்சாயத்துதான் என்பதும் பெரும்பாலும் வராது. எனக்கு அந்தப் போராட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு, அந்தப் பெண்கள் சொன்னது நடந்த உண்மை. ஆனால் செய்திக்காரராகப் போனால் இந்த மூன்றையும் ஒரே கட்டுரையில் வைக்க வேண்டும். ஆலை நின்ற பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்க வேண்டும். பிரசாரத்துக்குப் போனவருக்கு அந்தக் கடமை இல்லை. தப்பான எண் போடக்கூடாது என்ற கடமை அவருக்கும் உண்டு.

ஒரு சின்ன விஷயம். ஆதிவாசி, தலித் குடியிருப்புகளை நாம் பழக்கத்தில் 'காலனி' என்று எழுதிவிடுகிறோம். 2024 ஜூனில் கேரள அரசு அந்தச் சொல்லை நிறுத்தச் சொல்லி, நகர், உன்னதி, பிரகிருதி என்று மாற்றுப் பெயர்களைச் சொன்னது. அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்களோ அதைக் கேட்டு எழுதுவது இன்னும் நல்லது.

எல்லைக்காரர்களுக்கு மட்டும்

நமக்கு இன்னொரு இழுப்பு இருக்கிறது, மொழி. 2011 கடைசியில் முல்லைப் பெரியாறு விவகாரம் சூடானபோது குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதற்றம். 1895இல் கட்டிய அணை, கேரள மண்ணில் நிற்கிறது, இயக்குவது தமிழ்நாடு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. இரண்டு பக்கமும் சங்கங்கள் உண்டு. இடுக்கியில் இருக்கும் தமிழ்ப் புகைப்படக்காரரிடம் "நம்ம ஆளுதானே" என்று ஒரு பக்கம் படம் கேட்கும், "இங்க பொழைக்கறவன்தானே" என்று மறு பக்கம் கேட்கும். சுவரில் ஈரமாக இருக்கிற ஓர் இடம் ஒரு பக்கத்துக்குக் கசிவு, மறு பக்கத்துக்கு மழைத் தண்ணீர். என்ஜினியர் சொல்லாமல் நீங்கள் இரண்டையும் எழுதாதீர்கள். "அணைச் சுவரில் ஈரம்" என்று எழுதி, தேதியும் அன்றைய நீர்மட்டமும் போடுங்கள்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது

அமைப்பு வேலையில் எடுத்த படம் செய்தியாகவும் தகுதி உள்ளதாக இருக்கலாம். அப்படியானால் டெஸ்க்குக்கு முதல் வரியிலேயே எழுதுங்கள்: "இது இன்ன அமைப்புக்காக, அவர்கள் செலவில், இந்தத் தேதியில் எடுத்தது." போடுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். போட்டால் "படம் உதவி" என்று அமைப்பின் பெயர் வர வேண்டும், உங்கள் பெயர் மட்டும் வரக்கூடாது. ஒரு படத்துக்கு இரண்டு இடத்தில் காசு வாங்காதீர்கள். அமைப்புப் படங்களுக்கும் செய்திப் படங்களுக்கும் தனித்தனி ஃபோல்டர், முடிந்தால் தனித்தனி மெமரி கார்டு. ஒரே கார்டில் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

எந்த அமைப்பிடம் கூலி வாங்கினேனோ, அதைப் பற்றிய செய்தியை ஒரு வருடத்துக்கு நான் எடுப்பதில்லை. வேறு நண்பருக்கு விட்டுவிடுவேன். அந்த ஒரு வருடம் என்பது நானே வைத்துக்கொண்ட கணக்கு, நீங்கள் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நல்ல செய்தி கண்முன்னால் வந்த பிறகு முடிவு செய்ய உட்கார்ந்தால் மனசு சாக்குதான் தேடும்.

தவறு நடந்துவிட்டால்

அன்றைக்கே டெஸ்க்குக்குப் போன் செய்யுங்கள். அமைப்பு கோபப்படும், இனி வேலை வராது என்று பயம் வரும். எனக்கும் வந்தது. அந்த நாளிதழுக்கு நான் எழுதியது நாலே வரி: படம் ஆகஸ்டில் எடுத்தது, குடங்கள் கொண்டுவரப்பட்டவை, ஒரு அமைப்பின் புத்தகத்துக்காக எடுத்தது, கிணற்றில் அன்று தண்ணீர் இருந்தது. உள்பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போட்டார்கள். பிறகு மூலக் கோப்பின் குறிப்பிலேயே "ஏற்பாடு செய்து எடுத்தது, செய்திக்குப் பயன்படுத்தக்கூடாது" என்று எழுதி வைத்தேன். பழைய படத்தை அழிக்காதீர்கள், குறிப்பைச் சரி செய்யுங்கள்.

திருத்தம் வந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டியிடம் போனேன். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவர்களைப் பேச விடாமல் செய்தது என் படம், அதை அவர் முன்னால் சொல்லத்தான் போனேன். பாட்டி பழைய படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கொடம் இப்பிடி இருக்காது கண்ணு" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். அலுமினியக் குடம், இடுப்பில் வைக்கிற பக்கம் நசுங்கி உள்வாங்கியிருந்தது. "சித்திரையில வா" என்றார்.

ஏப்ரலில் போனேன், யாரும் அனுப்பாமல், என் பெட்ரோலில். அந்தப் படத்தின் ஐபிடிசி கட்டத்தில் ஊரின் பெயருக்கும் தேதிக்கும் பின்னால் இருப்பது இதுதான்: "காலை 5.40. லாரித் தண்ணீருக்கு வரிசையில் 31 குடங்கள். முதல் லாரி 7.15க்கு வந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. எடுத்தவர் சொந்தச் செலவில் போனார். யாரையும் நிற்கச் சொல்லவில்லை."